சீமையிலிருந்து வந்த அம்மன்

என் மணிக்கட்டைப் போலீஸ்காரர் பிடித்திருக்கிறார். டிராம் கண்டக்டர் பிடித்திருக்கிறார். கொத்தவால் சாவடியில் ஒரு தரகர் பிடித்திருக்கிறார். எல்லாம் உதறினால் விட்டுப்போகிற பிடி. அன்று பிடித்தது மீன் விற்கிற ஒரு பெண்பிள்ளையின் கை. உதறிப் பார்த்தேன், அசையவில்லை. விரலிடுக்கில் செதில் ஒட்டியிருந்தது. வாளை மீன் வாடை என் முகத்தில் அடித்தது.

அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். பெயர் வேண்டாம். அந்த ஜனங்களின் பிள்ளைகுட்டிகள் இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறார்கள். மணல் மேட்டில் ஓலைக் கூரை போட்ட சின்னக் கோயில். உள்ளே கல்லும் இல்லை, சுதையும் இல்லை. விரித்த கை அளவில் ஒரு வட்டத் தகடு, செங்கல் மாடத்தில் சாய்த்து வைத்திருந்தது. மஞ்சள், குங்குமம், எண்ணெய் எல்லாம் ஏறி இறுகிப்போயிருந்தாலும் உருவம் தெரிந்தது. நிற்கிற ஒரு பெண். கையில் சூலம். காலடியில் சிங்கம். பக்கத்தில் துள்ளுகிற இரண்டு மீன்.

தகட்டின் ஓரத்தில் நீளமாக ஒரு கட்டம். அதன்மேல் குங்குமம் கெட்டியாக அப்பியிருந்தது. அதைச் சுரண்டத்தான் கட்டைவிரலை நீட்டினேன்.

"இன்னாடா பண்றே? அம்மன் மேல கை வெக்கிறே?"

"பாக்கலாம்னு வந்தேம்மா."

"கண்ணால பாரு. உனுக்குக் கட்டவெரல்லயா கண்ணு கீது, கஸ்மாலம்?"

அந்தக் கட்டத்துக்குள் ஓர் ஆளின் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யார் பெயர் என்பதுதான் தெரியாது. அந்தப் பெயரைப் பொறுத்து ராயப்பேட்டையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும், அல்லது அவள் ஆயுசுக்கும் நடக்காது.

பெயரை உருக்க மாட்டேன்

சாக்கு மூட்டை தூக்கித் தெருத் தெருவாகப் பழம்பித்தளை வாங்கிய கதையைச் சென்ற வாரங்களில் எழுதினேன். அதைப் படித்த ஒரு வாசகர், 'ஐயாவுக்குத் தற்பெருமை சற்றே அதிகம்' என்று கார்டு போட்டிருக்கிறார். வாஸ்தவம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இருபத்தைந்து வயதில் ராயப்பேட்டை மார்க்கெட் பக்கம் சொந்தப் பெயரில் கடை போட்டால் அவனுக்குப் பெருமை இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? பெருமைப்பட ஒன்றும் செய்யாதவர்கள் அடக்கமாக இருக்கட்டும். அவர்களுக்கு அது பொருந்தும்.

கடை போட்ட புதிதில், பெரிய யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. பட்டாளத்து மெடல்கள் பழைய வெள்ளியோடு கலந்து வரத் தொடங்கின. ஒரு பக்கம் ராஜா தலை. மறு பக்கம் குதிரைமேல் துணியில்லாமல் ஓர் ஆள். நல்ல வெள்ளி. உருக்கினால் கழிவே இருக்காது.

முதல் மெடலை ஆசாரி உருக்குகிற மூசையில் போட்டுவிட்டுத் துருத்தியை மிதிக்கப் போனவர், "விளிம்புல எழுத்து கீது நைனா" என்றார்.

"இன்னா எழுத்து?"

"யாரோ ஆள் பேராட்டம் கீது. உருகிப்போனா எல்லாம் ஒரே பேர்தான்."

சும்மாதான் சொன்னார். எனக்கு மட்டும் சுருக்கென்றது. மூசைக்குள் குறடை விட்டு அதை வெளியே எடுத்தேன். என் கடையில் குடம் உருகும், குத்துவிளக்கு உருகும், ஆள் பெயர் உருகாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான். என் சம்சாரத்தைக் கேட்டால் இதைக் கோபமாகச் சொல்வாள்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எதிர்வரிசையில் தையல் மிஷின் போட்டிருந்த ஞானமுத்து மிஷன் பள்ளியில் படித்தவர். விளிம்பைத் திருப்பித் திருப்பி நம்பர், பெயர், பட்டாளம் எல்லாம் படித்துச் சொல்வார். நைந்துபோன நாடாவைப் பிய்த்துவிட்டுப் புது நாடா தைப்பார். ஆளைக் கண்டுபிடிப்பது என் வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தந்திரம் ஒன்றும் இல்லை. பட்டாளத்திலிருந்து வந்தவன் எங்கே இருப்பான்? எங்காவது ஒரு கேட்டில் நிற்பான். மயிலாப்பூர் வக்கீல் பங்களா, அடையாற்றுத் தோட்டம், எங்கே காவல்காரன் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறானோ அங்கே போய்ப் பெயரைச் சொல்வேன். அவனுக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்கு வேறொரு கேட்காரனைத் தெரியும். கேட்டிலிருந்து கேட்டுக்கு நடப்பேன். வீடு கிடைத்ததும் படுக்கையைப் பார்ப்பேன். என்ன ஏழையானாலும் பட்டாளத்தான் கம்பளியைச் சதுரமாக மடித்து, விளிம்பை உள்ளே தள்ளித்தான் வைப்பான். வாய் பொய் சொன்னாலும் கம்பளி சொல்லாது.

மந்தைவெளியில் ஒரு சமையல்காரர். அவர் மெடலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தேம்பித் தேம்பி அழுதார். அடுத்த மாதம் என் கடைக்கே கொண்டுவந்து விற்றார். மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுபடி அழுதார், மறுபடி விற்றார். அப்புறம் அவர் சம்சாரம் வந்து, "நீங்களே வெச்சிக்கோங்க நைனா. அவரு அழுவுறது மெடலுக்காக இல்ல, வித்த காசுல குடிச்சிட்டு" என்றாள். அந்த மெடல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் பெயரில்தான் இருக்கிறது.

தலைகீழான கேள்வி

ஒரு மத்தியானம் ஞானமுத்து என் கடைக்கு வந்தார். வந்தவர் உட்காராமல் கையிலிருந்த நூல்கண்டை உருட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலையும் கழுத்தில் சிலுவையுமாக ஒரு பெண். அவரிடம் காஜா எடுத்துக்கொண்டிருந்த பிலோமினா. முப்பது வயதுக்குள் இருக்கும்.

"நீங்க மெடலை வெச்சிக்கினு ஆளைத் தேடுறீங்களாமே" என்றாள்.

"ஆமாம்."

"என்னாண்ட ஆள் பேரு கீது. மெடலைத் தேடிக் குடுங்கண்ணே."

இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. முக்காலியைத் தள்ளி உட்காரச் சொன்னேன்.

அவள் மயிலாப்பூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். புருஷன் குப்பத்துப் பையன், கன்னியப்பன். நன்றாக நீந்துவான் என்று, ஆற்றுக்கு மேல் பாலம் கட்டுகிற பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். லீவில் வந்தபோது இவளைப் பார்த்தான். ஞானஸ்நானம் வாங்கிச் சந்தியாகு என்று பெயர் வைத்துக்கொண்டு இவளைக் கட்டினான். ஒரு மாதம் குடித்தனம். பிறகு பாஸ்ராவுக்குக் கப்பல் ஏறினான். அவ்வளவுதான். தந்தி இல்லை, தகவல் இல்லை. சர்க்கார் காகிதத்தில் இவள் பெயரே ஏறவில்லை. அவன் சேர்ந்தது கல்யாணத்துக்கு முன்பு.

"அவங்க அம்மாவாண்ட கேட்டியா?"

"கேக்காம? புள்ளைய வேதத்துல சேத்தவன்னு என்னெக் கண்டாலே ஆவாது. கூடையைத் தூக்கி அடிச்சாங்க. எம்புள்ள சீமையில கீறான், எனக்கு அம்மனே செஞ்சி அனுப்பிச்சிக்கீறான், உனக்கு இன்னாடி அனுப்பிச்சான்னு கேட்டாங்க."

ஞானமுத்து நூல்கண்டைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார்.

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. இவர் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். அவளுக்கும் இஷ்டம். கோயில் பாதிரியார் ஓலை வாசிக்க மாட்டேன் என்கிறார். அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெயரை வாசிக்க வேண்டும். தடை உள்ளவர்கள் சொல்லலாம். 'பெற்ற தாயே மகன் இருக்கிறான் என்று மீன் கூடையோடு தெருத்தெருவாகச் சொல்கிறாள். நான் எப்படி இல்லை என்று எழுதுவேன்?' என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

"செத்துட்டாருன்னு ஒரு அடையாளம் வேணும்" என்றார் ஞானமுத்து. அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம்.

பிலோமினா அவரைத் திருத்தினாள். "அடையாளம் வேணும். செத்தாரா, கீறாரா, எதுனா ஒண்ணு."

காவல்காரர் வரைந்த படம்

மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று தெருவுக்குத் தெரு கோடு போட்டுக்கொண்டிருந்த காலம். வீட்டைவிடச் செங்கல் குவியல்தான் அதிகம். குவியலுக்கு ஒரு காவல்காரன். கேட்டிலிருந்து கேட்டுக்கு நடந்து, அங்கே பாலம் கட்டும் பட்டாளத்து ராமசாமியைப் பிடித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் நான் மெடல் கொண்டுபோய்க் கொடுத்தவர்தான். விற்காத ரகம்.

"கன்னியப்பனா? குப்பத்தான். தண்ணியில மீனாட்டம் பூந்து வருவான்" என்றார். "ராத்திரி ஆத்துல பாலம் போட்டோம். எதிர்க்கரையிலருந்து சுட்டாங்க. நான் அதுக்கு முந்தின நாளே காச்சல்ல ஆஸ்பத்திரி பூட்டேன். பூட்டான்னு சொன்னாங்க. நான் பாக்கல."

"வீட்டுக்குச் சேதி வரலியே."

"அப்பன் பேரைத்தான் குடுத்தான். அந்த அப்பன் கடல்ல போனவனாச்சே. காயிதமெல்லாம் எங்கெங்கயோ சுத்திக்கினு திரும்பியிருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா தட்டு வந்திருக்கணும். அத்த விசாரிச்சி, ஊட்டைத் தேடித்தான் அனுப்புவாங்க."

"என்ன தட்டு?"

"செத்தவன் வூட்டுக்கு மட்டும் வரும். வெண்கலம். வட்டமா இருக்கும். பேரு போட்டு." குச்சியை எடுத்து மணலில் ஒரு வட்டம் வரைந்தார். நடுவில் ஒரு கோட்டு உருவம். "பொம்பளை ஒருத்தி. கையில சூலம். இங்க ஒரு சிங்கம். இங்க மீனு ரெண்டு."

நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூலம். சிங்கம். மீன். குப்பத்துத் தாய் ஒருத்தியின் கையில் அதைக் கொடுத்தால் அவள் என்னவென்று நினைப்பாள்? நானே என்னவென்று நினைத்திருப்பேன்?

"சீமையிலருந்துதானே வரும்?"

"பின்னே? ராசா ஊட்டுலருந்து."

அங்கிருந்து நேரே குப்பத்துக்குத்தான் நடந்தேன். அடையாற்றுப் பாலம் தாண்டியது ஞாபகம் இல்லை. கோயில் வாசலில் நின்று கட்டைவிரலை நீட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பிடியை விடாத கை

இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் என் கையைப் பிடித்தவள் அஞ்சலை. கன்னியப்பனின் தாய். இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மணலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. குப்பத்துத் தலைவர், வாய்க்கு வெளியே ஒரு பல் நீண்ட கிழவர், வலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். நான் மரியாதையாகச் சொன்னேன்: "நான் பழைய பித்தளை வியாபாரி. இது நல்ல வெண்கலம். பார்க்க ஆசைப்பட்டேன்."

"வெலைக்கு வாங்க வந்தியா?" என்றாள் அஞ்சலை. பிடி இன்னும் இறுகியது. "அம்மனை எடை போட வந்துக்கினான் பாருய்யா. இது எம்புள்ள அனுப்பிச்சது. தபால்காரன் கையில குடுத்தான். எங்கருந்துன்னேன். சீமையிலருந்துன்னான். அப்பால இன்னா வோணும்? நான் வேதத்துக்குப் பூட்டேன், உங்க அம்மனை மறக்கலேன்னு எம்புள்ள சொல்றான். வாயால சொன்னாத்தானா?"

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். மீன்காரிகள் முகத்தில் சாதாரணமாகப் பார்க்க முடியாத ஒரு குழைவு. எத்தனையோ வீடுகளில் மெடலைக் கொடுத்துக் கெட்ட செய்தியும் கொடுத்திருக்கிறேன். என் நாக்கு ஒரு நாளும் புரளாமல் நின்றதில்லை. அன்று நின்றது.

தலைவர்தான் வழி சொன்னார். "ஆடியில கூழு வார்க்கிற வெள்ளிக்கிழமை அம்மனைப் புளி போட்டுக் கழுவுவோம். அன்னிக்கு யாரு வோணா வந்து பாக்கலாம். பாக்கறத யாரும் தடுக்க மாட்டோம். தொட்டேன்னா கையை ஒடைப்போம்."

அஞ்சலை அப்போதுதான் விட்டாள். மணிக்கட்டில் அவள் விரல் ஐந்தும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

ராயப்பேட்டைக்குத் திரும்பிப் பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பேர் அதில் இருந்தால் உனக்கு வழி பிறக்கும். அந்த அம்மாவுக்கு என்ன ஆகும் என்று யோசித்தாயா?" என்றும் கேட்டேன்.

அவள் காஜா எடுத்துக்கொண்டே பேசினாள். "அவங்களுக்குப் புள்ள உசிரோட கீறான்னா, அவன் நெனப்பா கீறான்னு அர்த்தம். எனக்கு அவரு உசிரோட கீறாருன்னா, என்னெ உட்டுட்டுப் பூட்டாருன்னு அர்த்தம். ஒரே ஆளுதான் அண்ணே. அவங்களாண்ட நல்லவரு, என்னாண்ட கெட்டவரு. எத்தினி வருசம் அவரெ நான் கெட்டவரா வெச்சிக்கினு இருக்கறது?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கல்யாணம் ஆவாட்டிப் போவுது. அத்தத் தெரிஞ்சிக்கணும்."

ஞானமுத்து மிஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். கல்யாணம் ஆகாவிட்டால் போகிறது என்று அவள் சொன்னதில் அவருக்குக் கோபம் இல்லை. அதைத்தான் நான் அந்த மனிதரிடம் கடைசிவரை மெச்சினேன்.

பாதிரியாரும் ஆடிக் கூழும்

அடுத்த வேலை பாதிரியார். ஞானமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியும், அவரே போய்ப் படிக்கலாமே என்று கேட்டால், "மாப்பிள்ளையே சாட்சியா?" என்று சிரித்தார். காகிதம் வைத்துக் கரியால் தேய்த்துக்கொண்டு வரட்டுமா என்றேன். "காகிதத்தை யாரும் எங்கும் தேய்க்கலாம்" என்றார். நல்ல மனிதர். வியாபாரியாகியிருந்தால் என்னைக் கவிழ்த்திருப்பார்.

"அப்படியானால் நீங்களே வாருங்கள்" என்றேன்.

"நானா? ஆடிக் கூழுக்கா?"

"கூழு குடிக்க வாணாம் சாமி. கண்ணை மட்டும் எடுத்துக்கினு வாங்க."

முடியாது என்றார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். பூசை முடிந்து அவர் வெளியே வருகிற வாசலில் தினமும் நின்றேன். கும்பிட வருகிறவர்கள் நான் வேதத்தில் சேரத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, என் கையைப் பிடித்துச் சந்தோஷப்பட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவர், "இந்த ஆள் இங்கே நின்றால் எனக்குத்தான் வம்பு" என்று சொல்லி ஒப்புக்கொண்டார். பெரிய பெரிய ஏலத்தையெல்லாம் வாசலில் நின்றே ஜெயித்தவன் நான்.

ஆடி வெள்ளிக்கிழமை. பாலம் வரை ஜட்காவில் வந்து, அங்கிருந்து மணலில் நடந்தோம். வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் குடையும் பூட்சுமாகப் பாதிரியார் முன்னால். அடுத்து நான். வெகு பின்னால், மணல் மேட்டோடு மேடாகப் பிலோமினாவும் ஞானமுத்துவும்.

கூழ்ப் பானைகள் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. கருவாட்டுக் குழம்பு வாசனை. பம்பைக்காரன் அங்கியைப் பார்த்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டான்.

"அடிடா" என்றார் தலைவர். "விருந்தாளி வந்தா நிறுத்துவியா?"

அஞ்சலை கோயிலுக்குள் உட்கார்ந்து புளியால் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்து மஞ்சளும் குங்குமமும் செக்கச்செவேலென்று கரைந்து மணலில் இறங்கியது. குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தாள். வெண்கலம் வெயிலில் தகதகத்தது. மாடத்தில் நிறுத்தினாள். எல்லோரும் கும்பிட்டார்கள்.

பாதிரியார் வாசலிலேயே குனிந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கட்டத்தில் இருந்ததை முதலில் வாய்க்குள் படித்தார். பிறகு உரக்கச் சொன்னார்.

"கன்னியப்பன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அஞ்சலை நிமிர்ந்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"எம்புள்ள பேரு" என்றாள். "கேட்டுக்கினீங்களா எல்லாரும்? உபயம் பண்ணவன் பேரு போட மாட்டானா? கபாலி கோயில்ல வெளக்குக்கு வெளக்கு பேரு போட்டுக்கினு இல்ல? எம்புள்ள மட்டும் சும்மாவா அனுப்புவான்?"

அவள் சொன்னது தப்பென்று யார் சொல்ல முடியும்? நம் ஜனம் குத்துவிளக்குக் கொடுத்தால் பெயர் போடும். அண்டா கொடுத்தால் பெயர் போடும். என் கடைக்கு வந்த எந்தக் கோயில் பாத்திரத்தில் உபயக்காரன் பெயர் இல்லை?

பாதிரியார் தகட்டின் விளிம்பைப் படித்துக்கொண்டிருந்தார். அங்கே வட்டமாக எழுத்து ஓடியது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தவர் பாதியில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். அஞ்சலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அஞ்சலை அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எங்களைத் தாண்டி, மணல் மேட்டில் நின்ற பிலோமினாவைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. அவள்தான் அதற்குள் இல்லை.

"சுத்திவர இன்னா எழுதிக்கீது?"

பாதிரியார் வாயெடுத்தார்.

"நீ சொல்லாத சாமி. இவன் சொல்லட்டும், மெடல்காரன்." அன்று கோயில் வாசலில் நான் பித்தளை வியாபாரி என்றுதான் சொன்னேன். மீன் கூடை போகாத தெருவா, யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீ எத்தினி பட்டாளத்தான் வூட்டுக்குப் போய்க்கீறே. உசிரோட கீறவனுக்கு இத்தக் குடுப்பானா?"

பேச்சில் என்னை மிஞ்ச ராயப்பேட்டையில் ஆள் இல்லை. ஒரு மணி நேரம் பேசி ஓட்டைக் குடத்தை விற்றவன். அன்று எனக்குக் கிடைத்தது இரண்டே வார்த்தை.

"குடுக்க மாட்டாம்மா."

பம்பை நின்றுவிட்டது.

கூட்டத்தில் ஒருவன், "அப்போ செத்தவன் பேரா அம்மனாண்ட கீது? இத்தினி வருசமா தீட்டையா கும்பிட்டோம்?" என்றான். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். கடலில் போட்டுவிடலாம் என்று ஒரு குரல். தலைவர் அஞ்சலையைப் பார்த்தார்.

அவள் தகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் அந்தப் பெண் ஒரு கையை நீட்டி மாலை ஒன்றைப் பிடித்திருப்பாள். நீட்டிய மாலை பெயர் இருக்கிற கட்டத்துக்கு நேர் மேலே நிற்கும். இத்தனை வருஷம் தினமும் குங்குமம் வைத்தவளுக்கு அது அன்றுதான் கண்ணில் பட்டது போலிருக்கிறது.

"எவன்டா அவன் தீட்டுன்னவன்?" என்றாள். குரல் உயரவில்லை. "அவ மாலையை யாரு தலைக்குக் காட்டறா பாரு. எம்புள்ள தலைக்கு. அவ எத்துக்கினா. எத்துக்கினவ வெச்சிக்கட்டும். இன்னாடா தீட்டு?"

தீட்டு என்றவன் பின்னால் நகர்ந்தான்.

மஞ்சளைக் குழைத்தாள். முகத்தில் அப்பினாள், சூலத்தில், சிங்கத்தில், மீன்களில் அப்பினாள். மேலே குங்குமம் வைத்தாள். எல்லா இடமும் மூடியாயிற்று. பெயர் இருந்த கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. அதை மட்டும் மூடவில்லை. முந்தானையால் ஒரு தரம் துடைத்தாள். மஞ்சளுக்கு நடுவில் அந்தக் கட்டம் மட்டும் பளபளவென்று இருந்தது.

பிறகு எழுந்து மணல் மேட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இன்னாத்துக்கு அங்கயே நிக்கிறே? வா. கூழு ஆறுது."

பிலோமினா வந்தாள். "அத்தே" என்றாள். அஞ்சலை சட்டியில் கூழை ஊற்றி அவள் கையில் கொடுத்தாள். பிலோமினா ஒரு முறை பாதிரியாரைப் பார்த்தாள். பாதிரியார் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டி காலியானதும் திரும்பி, என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிக்கிறேன்" என்றார்.

என்னிடம் இல்லாத தகடு

கல்யாணத்தன்று அஞ்சலை பாதிரியார் கோயில் வாசல்வரை வந்தாள். உள்ளே வரவில்லை. ஒரு முழு வஞ்சிரத்தை ஞானமுத்துவிடம் நீட்டி, "வேதக்காரனா இருந்தா இன்னா, மீனு துன்ன மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மாப்பிள்ளைக் கோலத்தில் மீனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழித்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

என் மெடல்களைப் பார்க்க வருகிறவர்கள், இதில் உயர்ந்தது எது என்று கேட்பார்கள். இங்கே இல்லை, வாருங்கள் என்று குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அந்தத் தகட்டை எனக்குக் கொடுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆசைப்பட்டதை விடாமல் வாங்குகிறவன் நான், ஊருக்கே தெரியும். மணிக்கட்டைத் தடவிக்கொண்டு வந்துவிடுவேன்.

அஞ்சலை இருந்தவரை வெள்ளிக்கு வெள்ளி அந்தக் கட்டத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கிக்கொண்டே வந்தது. கடைசி வருஷங்களில், கூட வந்த படித்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள்.

எனக்குத் தெரியும். முதலில் நேராக ஒரு கோடு, அதில் சாய்ந்த இரண்டு கால். அடுத்தது கூரை மாதிரி. அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு. மணலில் குச்சியால் எழுதிக் காட்டுவேன். என் பெயரை இங்கிலீஷில் கையெழுத்துப் போட நான் கற்றுக்கொண்டது அதற்கு வெகு காலம் கழித்து, பாங்கிக்காரர்கள் வற்புறுத்தியதால். முதலில் கற்றது கன்னியப்பன் பெயர்.